தலையில வைக்கிறதத் தடவிப் பாரு

வாடா பேராண்டி, இப்படி வேப்பமர நெழலுக்கு வா. மேலுக்கும் காலுக்கும் பச்சையும் பழுப்புமாத் திட்டுத் திட்டா மாட்டிக்கிட்டு நிக்கிறியே, பட்டாளத்து உடுப்பா? காட்டுல எலையோட எலையா ஒளியறதுக்குன்னு தச்சதுல்ல அது! மண்டபம் கடற்கரையில சீமைக்கருவேலத்த விட்டா ஏதுடா எலை? வெள்ளை மணல்ல நீ நிக்கிறது பாம்பன் பாலத்துல போற ரயிலுக்கே தெரியுது.

பட்டாளத்துக்குப் போ, வேணாங்கல. போறதுக்கு முன்னால உடுப்புச் சங்கதி ஒண்ணு கேட்டுக்க.

1801-ல மருது பாண்டியரப் புடிக்கன்னு அக்னியூன்னு ஒரு வெள்ளக்காரக் கர்னல் வந்தான். பேரக் கேட்டதும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல முங்கி எந்திரிச்சவன்னு நெனச்சிராத. முங்கியிருந்தாலாவது புத்தி தெளிஞ்சிருக்கும். சிறுவயல்லேர்ந்து காளையார்கோயிலுக்குக் காட்ட வெட்டிப் பாதை போடுறேன்னு ஒரு மாசமா மல்லுக்கட்டி, பாதியிலயே விட்டுட்டுப் போனான். எதுத்து நின்ன நம்மாளுக உடுப்பு என்ன? இடுப்புல தார்ப்பாய்ச்சு, தலையில உருமா, கையில வளரி. பொறகு வேற பக்கமா வந்து ஊரப் புடிச்சதும், அக்டோபர் 24-ல திருப்பத்தூர்ல மருதிருவரத் தூக்குல போட்டதும் தனிக் கதை. அதச் சொன்னா எனக்கு ராத்திரி சோறு எறங்காது.

அத்தன நாளு உருமாவப் பாத்தவன் என்ன கத்துக்கிட்டான்? ஒரு மண்ணும் இல்ல. அதே அக்னியூ சென்னைப் பட்டாளத்துல பெரிய உத்தியோகத்துல ஒக்காந்து, 1806-ல சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொண்டாந்தான். தலைப்பாகைன்னு பேரு, பாத்தா வெள்ளக்காரன் தொப்பி. அதுல தோல்ல ஒரு குஞ்சம் வேற. மாட்டுத் தோலா, பன்னித் தோலான்னு அவனவன் அருவருத்துப் போனான். அது பத்தாதுன்னு திருநீறு நாமம் கூடாது, கடுக்கனக் கழட்டு, தாடிய வழி, மீசைய எல்லாரும் ஒரே தினுசா நறுக்குன்னு உத்தரவு. நம்மூரு மீசைக்கு அளவெடுக்க எந்த டைலருடா துணிவான்?

வேலூர்ல மாட்டேன்னவங்கள்ல ரெண்டு பேருக்குத் தலைக்கு 900 கசையடி. தொப்பி தலைக்கு, அடி முதுகுக்கு! ஜூலை 10 விடியறதுக்கு முன்ன கோட்டை பத்திக்கிச்சு. வெள்ளக்காரன் நூறு பேருக்கு மேல செத்தான். ஆற்காட்டுலேர்ந்து கில்லஸ்பிங்கிற வெள்ளக்காரன் குதிரைப் படையோட பாஞ்சு வந்தான். நம்ம சிப்பாய்க நூத்துக்கணக்குல செத்தாக. எல்லாம் தொப்பியாலன்னு சொல்ல மாட்டேன். திப்பு மகங்களும் அந்தக் கோட்டைக்குள்ளதான் இருந்தாக, உள்ளுக்குள்ள வேற புகைச்சலும் இருந்துச்சு. ஆனா கொள்ளி வச்சது தொப்பிதான். கடைசியில தொப்பியும் போச்சு. மறுவருசம் கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன்காரன் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டான்.

இதுக்கெல்லாம் முன்னாலயே அமெரிக்காவுலயும் இதே செவப்புக் கோட்டு வெள்ளக்காரனோட சண்ட. அங்க அவன எதுத்து நின்ன தளபதி வாஷிங்டன் படைக்குச் சரியா உடுப்பு கெடைக்கல. அந்த மனுசன் 1776-ல என்ன சொன்னாரு தெரியுமா? காட்டுல வேட்டைக்காரன் போடுற தொளதொளச் சட்டையே போதும், அதப் பாத்தாலே எதிரி இவன் குறி தப்பாதவன்னு பயப்படுவான்னாரு. ஊருசனம் உடுத்துறதையே உடுப்பாக்கிட்டாரு பாரு, அதுக்குப் பேரு மூளை. அக்னியூவுக்கு அதுல கால்வாசி இருந்தா, உருமாவுக்கு ஒரு கலரச் சொல்லிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பான்.

இந்தா, என் உருமாவப் பாரு. வெயிலுக்குத் தலையில, கோயில் வாசல்ல இடுப்புல, சந்தையில சாளை மீனுக்குப் பை, ராத்திரிக்குத் தலகாணி. இதுக்கு எவன்டா உத்தரவு போட்டான்? வேர்வைதான்டா போட்டுச்சு.

அதனால சொல்றேன். தலையில எவன் எத வச்சாலும் தடவிப் பாத்துட்டு வச்சுக்க. பட்டாளத்துக்காரன் உடுப்ப ஓடி ஜெயிச்சு வாங்கணும், கடையில வாங்கக் கூடாது. காலையில எந்திரிச்சு வெறுங்கால்ல மணல்ல ஓடு. குதிகால்ல மொச்சக்கொட்டையாட்டம் கொப்புளம் போட்டுருக்கே, அந்தப் பூட்சக் கழட்டித் திண்ணையில வை. எனக்குக் கருவேலமுள்ளு வெட்ட ஆகும். அளவு சரியாத்தான் இருக்கு. நேத்து நீ அசந்து தூங்குறப்பவே போட்டுப் பாத்துட்டேன்.