தொய்ந்த கொடியின் நியாயம்

எங்கள் வீட்டில் தொய்ந்து தொங்குபவை இரண்டு: மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பி, என் வயிறு. இரண்டையும் இழுத்துக் கட்டச் சொல்லி வீட்டம்மாவின் உத்தரவு நிலுவையில் இருக்கிறது. வயிற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. கொடிக்கு இருக்கிறது, அதுவும் இயற்பியல் பதில். கேட்கத்தான் ஆளில்லை.

5 மீட்டர் கொடி, நடுவில் 10 கிலோ ஈரப் போர்வை என்று வையுங்கள். கொடி அரை மீட்டர் தொய்ந்தால் கம்பியின் இழுவிசை சுமார் 25 கிலோ எடைக்குச் சமம். போர்வை போட்ட பிறகும் 5 சென்டிமீட்டர்தான் தொய்ய வேண்டும் என்றால்? 250 கிலோ! கம்பி மேல்நோக்கி இழுக்கும் பங்குதான் போர்வையைத் தாங்குகிறது. கம்பி படுக்கப் படுக்க அந்தப் பங்கு சுருங்கும். மிச்ச இழுப்பெல்லாம் இரண்டு சுவர்களோடும் மல்லுக்கு நிற்கும். அணுவளவும் தொய்யக் கூடாதென்றால் எவ்வளவு விசையும் போதாது.

"ஏங்க, பக்கத்து வீட்டுக் கொடி மட்டும் நேரா நிக்குதே?"

"துணி போடாதப்போ பாத்திருப்பே."

"அவர் வேலை தெரிஞ்சவர்."

வழக்கு தள்ளுபடி.

கம்பி அறுமா என்பது நீளத்தைப் பொறுத்ததல்ல, தடிமனைப் பொறுத்தது. 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால் லியனார்டோ டா வின்சி, கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு அறுகிறவரை மணல் கொட்டிப் பார்க்கும் சோதனையைக் குறித்து வைத்தார். எங்கள் மாடியில் அது ஞாயிறுதோறும் போர்வைகளோடு நடக்கிறது.

விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைவு. 3 மில்லிமீட்டர் சாதா இரும்புக் கம்பி அறுவதற்குச் சுமார் 280 கிலோ வேண்டும். ஆனால் 180 கிலோ வரைதான் ராபர்ட் ஹூக்கின் விதி செல்லும்: இழுத்தால் அதற்கேற்ப நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். அந்த மீட்சி எல்லையைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். (என் பேண்ட்டின் எலாஸ்டிக் தாண்டி வெகுகாலமாகிறது.) 5 மீட்டர் கம்பி வெறும் 1 மில்லிமீட்டர் நீண்டாலே நடுவில் 5 சென்டிமீட்டர் தொய்வு விழும், தொய்ந்ததும் இழுவிசை தானே இறங்கும். கம்பிக்கு இருக்கும் இந்தப் புத்தி, அதை இழுத்துக் கட்டச் சொல்கிறவர்களுக்கு... வேண்டாம், இதை வீட்டிலும் படிப்பார்கள்.

உங்கள் வீட்டுக் கொடி தொங்கினால் தொங்கட்டும், விட்டுவிடுங்கள். சுவர் கொக்கியாவது பிழைக்கும். வீட்டில் கேட்டால் இந்த 250 கிலோ கணக்கைச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டார்கள் என்றால், எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.