ஈசிஆர் அலைவீரர்

வார இறுதி அலைவீரர், திங்கள் முதல் வெள்ளிவரை சென்னை ஓஎம்ஆர் கணினி நிறுவனங்களில் காணப்படும் இனம். சனிக்கிழமைகளில் கோவளம் கடற்கரைக்கு இடம்பெயரும். வயது முப்பதை ஒட்டி இருக்கும். கூரையில் சர்ஃபிங் பலகை கட்டிய காரை வைத்து அடையாளம் காணலாம். புதன்கிழமையும் அந்தப் பலகை கீழே இறங்காது. கடலைவிட, கோவளம் போகும் ஈசிஆர் சாலையின் சுங்கச்சாவடியைத்தான் அது அதிகம் பார்த்திருக்கிறது.

இந்த இனம் கோவளத்தில் பெருகியது அண்மைக்காலத்தில்தான். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் அங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே சர்ஃபிங் விழா எடுத்தார்கள். கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸும் வந்து பலகை ஏறியிருக்கிறார். பயிற்சியாளர்களில் பலர் குப்பத்துப் பையன்கள். அலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அந்தக் குறையை அலைவீரர் நிறைவு செய்கிறார்.

இவருடைய சாமான்கள் தனியாக ஆராயத்தக்கவை. இங்கே கடல்நீர் 28 டிகிரி வாக்கில் இருக்கும். அரைக்கால் சட்டையே போதும். இவர் அணிவதோ குளிர்நாட்டுக் கடலுக்கான முழுநீள ரப்பர் உடை. மாட்டக் கால் மணி நேரம், கழற்ற இரண்டு ஆள். கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகைத் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ப வாங்க வேண்டும். இவர் தள்ளுபடியில் வாங்கியது குளிர்நீர் மெழுகு. அது வழியிலுள்ள மாயாஜால் திரையரங்கைத் தாண்டுவதற்குள் உருகி, காரின் பின்சீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். இத்தனைக்கும் பள்ளியில் புதியவர்களுக்குக் கொடுக்கும் மெத்துப் பலகைக்கு மெழுகு அவ்வளவாகத் தேவையில்லை.

நல்ல அலை விடியற்காலையில் கிடைக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அலையின் முகத்தைக் குலைத்துவிடும். "அஞ்சரைக்கெல்லாம் வந்துருங்கண்ணா" என்று பையன் சொல்லியிருப்பான். அண்ணா வழியில் பொங்கல் வடை முடித்து ஒன்பதரைக்கு வருவார். வந்ததும் கைப்பேசியைத் திறந்து, அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று பையனுக்கு விளக்குவார். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே, அண்ணா முன்காலில் கட்டிய பலகைக் கயிற்றை அவிழ்த்துப் பின்காலில் கட்டுவான்.

கடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பையன் பலகையைப் பிடித்துத் தள்ளி, "எந்திரிங்கண்ணா!" என்று கத்துவான். அண்ணா கையூன்றுவார், முழங்காலில் நிற்பார், கும்பிடுவது போல ஒரு கணம் தங்குவார், பிறகு பக்கவாட்டில் மறைவார். எப்போதாவது உண்மையாகவே இரண்டு விநாடி நின்றுவிடுவதும் உண்டு. அப்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பில் பாசாங்கு கிடையாது. கரையில் படம்பிடிக்க நியமித்த நண்பர் அந்நேரம் இளநீர் வாங்கப் போயிருப்பார்.

அலையின் உயரத்தை அளப்பதில் உலகில் இரு மரபுகள் உண்டு. ஹவாயில் பின்புறமிருந்து அளப்பார்கள், அதனால் எண் சிறிதாக வரும். மற்ற இடங்களில் முகப்பை அளப்பார்கள். நம்மவர் பலகையில் குப்புறப் படுத்த நிலையிலிருந்து அளக்கிறார். இடுப்பளவு அலை திங்கட்கிழமை கேன்டீனில் ஆளுயரமாகி, வெள்ளிக்கிழமைக்குள் மாடியைத் தொடும்.

ஆண்டுக்கொருமுறை இவர் அந்தமானுக்குப் போய், முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் மாட்டி ஸ்நார்கெலிங் செய்வார். ஹேவ்லாக் தீவின் எலிஃபன்ட் பீச்சில், உயிர்காப்புச் சட்டையோடு மிதவை வளையத்தைப் பிடித்துக் கிடப்பார். வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். இங்கே எதிரி அலையல்ல, மீசை. மீசை முடி இடையில் இருந்தால் முகமூடி தோலோடு ஒட்டாது. தண்ணீர் மூக்குக்குள் வரும். மழிக்க மனம் வராது. கடைசியில் வழிகாட்டி மீசை நிறைய வாசலின் தடவி, முகமூடிக் கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்து, அலசி மாட்டிவிடுவார். கண்ணாடி பனிக்காமலிருக்க அதுதான் வழி. இதற்கென்றே வாங்கிய விலையுயர்ந்த திரவம் பையிலேயே இருக்கும். கடற்சாமந்திக்குள் கோமாளி மீன் தெரிந்ததும், வாயில் குழாய் இருப்பதை மறந்து "நீமோ!" என்று கத்தி, அரை டம்ளர் உப்புத் தண்ணீர் குடிப்பார்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கடல் கொந்தளித்ததும் இந்த இனம் கரையை விட்டு மறையும். இரண்டு பருவம் கழிந்தால், "அதிகம் பயன்படுத்தாதது" என்ற உண்மையான குறிப்போடு பலகை விற்பனைக்கு வரும். கோவளத்துப் பையன்களே பாதி விலைக்கு வாங்கி, அடுத்த சனிக்கிழமை வேறொரு அண்ணாவுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள்.