ஒன்றும் நடக்காத நாள்

கேள்வி: பதினாறு வருஷமா அதே மேஜை, அதே ஃபைல். நான் செய்யும் வேலைக்கு என்னதான் அர்த்தம்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அடுத்த முறை ரயிலில் போகும்போது ஜன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். தண்டவாளத்தின் ஓரம் தோளில் சுத்தியலும் கையில் ஸ்பேனருமாக ஒருவர் ஒதுங்கி நிற்பார். அவர்தான் கீமேன். காலையில் கிளம்பி, தன் எல்லைக்குள் உள்ள பாதை முழுவதையும் நடந்தே பார்ப்பவர். நம் பிரதான பாதைகளில் கிலோமீட்டருக்குச் சுமார் 1,660 ஸ்லீப்பர் கட்டைகள்; தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் கிளிப் கட்டைக்கு நான்கு. ஒரு கிலோமீட்டருக்கே ஆறாயிரத்துச் சொச்சம்! நழுவி வந்திருக்கும் கிளிப்பைக் கண்டால் நின்று, குனிந்து, ஓங்கி ஓர் அடி. உள்ளே போய் உட்கார்ந்ததும் மறுபடி நடை. நாளைக்கும் அதே கட்டைகள்தான். குளிர்காலத்தில் இரும்பு சுருங்கி விரிசல் விடும் என்பதால் பனியிலும் ரோந்து உண்டு. விரிசல் கண்ணில் பட்டால் ரயிலை நிறுத்தப் பையில் சிவப்புக் கொடி இருக்கிறது, தண்டவாளத்தில் வைக்கும் வெடியும் இருக்கிறது.

அவருடைய உழைப்பின் பலன் என்ன தெரியுமா? ஒன்றுமே நடக்காதது! நீங்கள் மேல் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்வது. அதற்கு யாராவது கூப்பிட்டுப் பாராட்டுவார்களா?

உங்கள் ஃபைலும் அப்படித்தான் என்று நான் மனதார நம்புகிறேன். அதில் ஒரு விதவையின் பென்ஷன் இருக்கலாம், ஒரு பையனின் சாதிச் சான்றிதழ் இருக்கலாம். நாளைக்குக் காலையில் முதல் ஃபைலைத் திறந்ததும் கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பெயரை ஒரு தடவை படியுங்கள். எத்தனை நாளாகக் காத்திருக்கிறார் என்று தேதியையும் பாருங்கள்.