பலகைப் புணரியல்: ஓர் அம்பத்தூர் மொட்டைமாடி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிலைமொழியும் வருமொழியும் எப்படிச் சேரும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவிட்டார். நிலைப்பலகையும் வருபலகையும் எப்படிச் சேரும் என்பதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். முதல் படகு கட்டுவோர் பொருட்டு இக்கட்டுரை அக்குறையைத் தீர்க்கிறது.

ஆய்வுக்களம்

அம்பத்தூரில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே உள்ள இடம். கடல் வெகு தொலைவு. ஆயினும் 2015 டிசம்பருக்குப் பின், சென்னையில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டாம் என்று எவராலும் அறுதியிட முடியாது. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "சார், நீங்க படகு கட்டுறதைப் பார்த்துட்டு மோட்டாரை மேல ஏத்திட்டேன். எந்த மாசம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

ஆய்வுப் பொருள்

ஏழடிப் படகுக்கான, பட்டறை ஒன்று எந்திரத்தில் வெட்டித் தந்த 6 மி.மீ. மரைன் ப்ளைவுட் பாகங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உண்டு. கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. ஒரு துண்டைக் குக்கரில் போட்டுச் சோதிக்க விண்ணப்பித்தேன். இல்லத்து நெறிமுறைக் குழு நிராகரித்தது.

முன்னாய்வுகள்

பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பிறகு ஒட்டும் முறையை 1960களில் பிரிட்டனில் பரப்பியது, ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் வடிவமைத்த மிரர் படகு. ஒரு நாளிதழின் பெயரைத் தாங்கி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பாகங்களாக விற்றது. துறைமுகம் இல்லாத காலத்து மதராஸிலோ, கப்பலிலிருந்து ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரைசேர்த்தது மசூலாப் படகு. ஆணி இல்லை, உள்விலாவான வங்கும் இல்லை. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றுத் தையல். விறைத்த படகுகளை உடைத்த அலையில் அது நெளிந்து கொடுத்துப் பிழைத்தது. ஆக, தையல் நம்முடையது, கம்பிதான் அவர்களுடையது.

பாகங்களை ஆயத்தம் செய்தல்

எந்திரம் எந்தப் பாகத்தையும் முழுசாக விடுவிப்பதில்லை. ஆங்காங்கே தொப்புள்கொடிபோல் சிறு இணைப்பு விட்டுவைக்கும். அதை அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பாகத்துக்கு எண்ணிட வேண்டும். பென்சிலால் எண்ணிட்டுப் பிறகு தேய்த்தால் எண்ணும் போய்விடும். இது அனுபவ உண்மை.

புணர்ச்சி வகைகள்

இயல்பு: மாற்றமின்றிச் சேர்வது. ஒரே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. அப்போது பாகம் தலைகீழாக இருந்தது.

திரிதல்: இரு பலகைகள் சாய்வாகச் சந்திக்குமிடத்தில் விளிம்பை இழைப்புளியால் சாய்ப்பது.

கெடுதல்: இழைக்கும் சுகத்தில் நிறுத்த மறப்பது.

தோன்றல்: கெட்ட இடத்தில் எபாக்ஸியும் மரத்தூளும் குழைத்த பசை தோன்றுவது. இதில் வெட்கமில்லை. இம்முறைப் படகின் வலிமையே உள்மூலையில் பூசும் அந்தப் பசையிலும் அதன்மேல் ஒட்டும் ஃபைபர் நாடாவிலும்தான் இருக்கிறது. ஆனால் மே மாதத்தில், குவளையில் குழைத்த எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலத் தட்டில் பரப்பினால் அடங்கும். யார் வீட்டுத் தட்டு என்பது தனி ஆய்வுக்குரியது.

சோதனை

பாகங்களைக் கம்பியால் தைத்து, பசை பூசும் முன், முன்பக்க அணியத்தின் நுனியிலிருந்து பின்பக்க அமரத்தின் இரு மூலைக்கும் நூல் பிடித்தேன். இரண்டும் ஒரே நீளம் வர வேண்டும். வராவிட்டால் படகு கோணல். எனக்கு இரண்டு விரற்கடை வித்தியாசம். ஒட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். வெறும் தையலாக இருந்ததால், நாலு கம்பியைத் தளர்த்தி, நாலை முறுக்கி, அரை நாளில் நேராக்கினேன்.

முடிவு

ஜன்னல் செய்ய வந்த ஆசாரி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இந்த ஆய்வு முழுவதையும் இரண்டு வரியில் முடித்தார்: "கம் போடாம ஒருவாட்டி வெச்சுப் பாருங்க சார். கம் போட்டப்புறம் கடவுளே வந்தாலும் உளிதான் எடுக்கணும்."

ஆகவே வாசகரே, படகோ, பரணோ, பூஜை அலமாரியோ, எதுவானாலும் முதலில் பசையில்லாமல் கூட்டிப் பாருங்கள். சந்திப்பிழையைத் திருத்த ரப்பர் போதும். பலகைப்பிழைக்கு அது போதாது.