பெக்கிங் போன கதை

"எங்கட காலத்தில சைலன்சர் மாத்துறதெல்லாம் வீட்டிலயே செய்து முடிச்சிருவம்" என்று மகனிடம் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. வீட்டில்தான் நடந்தது. எத்தனை நாள் நடந்தது, யார் செய்தார், எது முறிந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை வளர்க்க முடியாது.

1997. என்னிடம் ஒரு ஹொண்டா சீடி 90 இருந்தது. ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்து, கொழும்பில் இன்னொருவர் ஓடிக் களைத்து, மூன்றாம் கையாகக் கந்தளாய்க்கு வந்த வண்டி. கிழமையில் ஆறு நாள் திருகோணமலைக்கு வேலைக்குப் போய், கடற்காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும். அதன் சைலன்சர் துருப்பிடித்ததில் உப்புக்குப் பாதிப் பங்கு. மீதி எனக்கு. பெற்றோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். பக்கத்துக் கடைக்குப் போய் வந்து நிறுத்தினால் அந்த ஆவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து, தண்ணீராகி, அடியில் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். அது வடியத்தான் சைலன்சரின் அடியில் சின்னத் துவாரம் ஒன்று விட்டிருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்தவன் நான்.

ஒரு நாள் மாலை, ஏ6 வீதியில் சோதனைச்சாவடிக்கு முன்னால் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன். எக்சலேட்டரை விட்டதும் வண்டி 'டப்' என்றது. பிறகு இன்னொரு 'டப்'. அந்த வருடங்களில் அந்தச் சத்தத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். மண்மூட்டைக்குப் பின்னால் இரண்டு தலைகள் மறைந்தன. இரண்டு துவக்குகள் தெரிந்தன. நான் வண்டியை அப்படியே சாயவிட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வண்டி படுத்த படுக்கையிலும் ஒருமுறை 'டப்' என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது.

வயதான கோப்ரல் ஒருவர் வந்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "மல்லி, பெக்கிங் எக கிஹின்" என்றார். தம்பி, பெக்கிங் போய்விட்டதாம். ஊரில் கராஜ் வேலை செய்துகொண்டிருந்தவராக இருக்கவேண்டும். என் உயிர் போய் வந்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு வளையம் தேய்ந்த விஷயம் மட்டுமே. அந்த இடத்தில் கசிவு இருந்தால் எக்சலேட்டரை விட்டதும் வெளிக்காற்று குழாய்க்குள் இழுபடும். எரியாமல் மிஞ்சி வந்த பெற்றோல் அந்தக் காற்றோடு சூட்டில் பற்றி வெடிக்கும். இந்த விஞ்ஞானம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்குத் தெரிந்தது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது உசிதம் என்பது மட்டும்.

பக்கத்து வளவில் மாமா ஒருவர் இருந்தார். உறவில்லை; ஊருக்கே மாமா. மூடிக்கிடந்த சீனித் தொழிற்சாலையில் முன்பு ஃபிட்டராக இருந்தவர். செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் கட்டித் தந்த தொழிற்சாலை அது. அவர்களிடமிருந்து வந்தது என்று சொல்லி ஒரு ஸ்பெனரைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். "ஜாவா மோட்டார் சைக்கிள் செய்தவங்கட கை பட்டது" என்பார். ஆனால் நான் அவரிடம் போகவில்லை. இரண்டு நட்டு, பின்னால் ஒரு போல்ட்டு, சைலன்சர் மாற்ற எதற்கு ஃபிட்டர்?

முதல் நாள்: இரண்டு நட்டில் ஒன்று கழன்றது. மற்றது கழலவில்லை. ஸ்பெனரின் வாலில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி எம்பினேன். மெதுவாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, ஏதோ இளகியது. சந்தோஷப்பட்டேன். நட்டு கையோடு வந்தது. உள்ளே அரை ஸ்டட்டும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் நாள் மாமாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. பார்த்துவிட்டு, "இரும்போட சண்டை பிடிச்சா அது முறியும், நீ முறியமாட்டாய், அதான் வித்தியாசம்" என்றார். மிஞ்சிய மரையில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி வைத்தார். அலுமினியத் தலையை ஊதுவிளக்கால் சூடாக்கினார். பிறகு அம்மாவிடம் ஒரு மெழுகுதிரி கேட்டார். கரண்ட் போகாத நேரத்தில் எதற்கு மெழுகுதிரி என்று அம்மா என்னைப் பார்த்தா. சூடான ஸ்டட்டில் அதைத் தொட்டார். உருகிய மெழுகு மரைக்குள் தானே இறங்கிப் போனது. கீழ் நட்டில் அந்தச் செக் ஸ்பெனரை வைத்து, ஒரு சுண்டு முன்னால், ஒரு சுண்டு பின்னால், பத்து நிமிடம். குழந்தையின் பால்பல்லைப் போல ஸ்டட் வெளியே வந்தது.

மூன்றாம் நாள், புது ஸ்டட், பேராறுக் காக்காவின் கடையில் வாங்கிய செம்பு வளையம், திருகோணமலையில் வாங்கிய சைலன்சர். எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்டச் சொன்னார் மாமா. பிறகு எஞ்சின் பக்கத்து நட்டுகளை மாறி மாறி இறுக்கி, கடைசியில்தான் பின் போல்ட்டு. "பின்னால முதல்ல இறுக்கினா குழாய் இழுபட்டு நிக்கும், பெக்கிங் ஒரு பக்கம்தான் நசியும்." ஸ்டார்ட் பண்ணிய பிறகு, இணைப்பைச் சுற்றிக் கையை மெல்லக் கொண்டுபோய்க் காற்று படுகிறதா என்று பார்த்தார். நான், "கொஞ்சம் கசிஞ்சா என்ன மாமா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கந்தளாய்க் குளத்தை யார் கட்டியது என்பதற்கு எங்களிடம் இரண்டு கதை உண்டு. ஒரு பக்கம் ஏழாம் நூற்றாண்டின் அக்போ மன்னன். இன்னொரு பக்கம் கோணேசர் கல்வெட்டின் குளக்கோட்டன். உடைந்ததற்கு ஒரே கதைதான். 1986 ஏப்ரல் 20, விடியுமுன். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். அந்த இரவில் தண்ணீரின் சத்தம் கேட்டு ஓடியவர் மாமா. அவர் முன்னால் போய்க் 'கொஞ்சம் கசிஞ்சா என்ன' என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

போகும்போது, "குரோமைத் துடைச்சுப்போட்டு ஓடு, விரல் அடையாளம் சூட்டில பதிஞ்சிரும்" என்றார். துடைத்தேன், ஒரு இடம் தவிர. அந்த வண்டியை விற்கும் நாள்வரை என் பெருவிரல் அதில் இருந்தது.

மகனின் வண்டி பல்சர். 2020இல் வாகன இறக்குமதி நிற்குமுன் வாங்கியது. அதனால் வீட்டில் அதற்கு என்னைவிட மரியாதை அதிகம். என்னை விற்றால் வாங்கிய விலைகூடக் கிடைக்காது. 2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களில் அதை ஓட்டியதைவிட வரிசையில் தள்ளியதுதான் அதிகம். சத்தமே இல்லாத வண்டி என்றால் அந்த மாதங்களில்தான். பெற்றோல் தாராளமாக வரத் தொடங்கியதும் அவனுக்குச் சத்தம் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சைலன்சரோடு வந்தான். குட்டையாக, வெடி வைத்த மூங்கில் போல. மேலே ஐரோப்பியப் பெயர் ஒன்று, எழுத்துப் பிழையோடு. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெழுகுதிரி தேவைப்படும் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்தேன். அவன் போனைத் தூணில் சாய்த்து வைத்து, ஒரு இந்தோனேசியக்காரர் இதே வேலையைச் செய்யும் வீடியோவைப் போட்டான். பாஷை விளங்காது, கையை மட்டும் பார்த்தான். முதல் நாள் இரவே நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து வைத்திருந்தானாம். ஒன்றும் முறியவில்லை. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, முன்னால் இறுக்கி, கடைசியில் பின்னால் இறுக்கினான். மாமாவின் வித்தை முழுவதும் ஜாவாவிலிருந்து இலவசமாக வந்து இறங்கியிருந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். மெழுகுதிரியை மனைவி சாமியறையில் வைத்துவிட்டா.

ஸ்டார்ட் பண்ணினான். கோழிகள் கூரைக்கு ஏறின. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதது. எக்சலேட்டரை விட்டதும் 'டப், டப்' என்றது. நான் என்னையறியாமல் தூணுக்குப் பின்னால் போயிருந்தேன்.

"பெக்கிங் சரியில்லை" என்றேன்.

"இல்லையப்பா, அதுதான் சவுண்டு. அதுக்குத்தான் கூடக் காசு."

பழைய சைலன்சரை இரும்புக்காரனுக்குப் போட அவன் எடுத்தான். நான் விடவில்லை. எண்ணெய் பூசி, உரப்பையில் சுற்றி, குசினி இறக்கத்தின் வளையில் தொங்கவிட்டேன். அடுப்புக்கு மேல் பீரங்கி தொங்குகிறது என்று மனைவி வந்தவர்களிடமெல்லாம் முறைப்பட்டா.

2025 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பொலிஸார் பஸ், முச்சக்கரவண்டிச் சோடனைகளையும் சத்தம் கூட்டிய சைலன்சர்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். மகனும் ஒரு நாள் வீதியில் நிறுத்தப்பட்டான். முன்பு நான் கையைத் தூக்கிய சத்தத்துக்கு அவன் தலையைச் சொறிந்தால் போதுமாயிருந்தது. கம்பனிச் சைலன்சரைப் பூட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை ஒன்றும் பேசாமல் வளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் ஒன்றும் பேசாமல் ஏணியை எடுத்தேன். வாழ்க்கையில் அப்படியான மாலை அடிக்கடி வராது. போன் வேண்டாம் என்றேன். வளையத்தைப் புதிதாகவே வாங்க வைத்தேன். முன்னால், பின்னால், எல்லாம் என் சொல்லின்படி. இறுக்கி முடிந்ததும் பழைய பனியன் துணியால் குரோமை முழுவதும் துடைத்தேன். ஒரு விரல்கூட மிஞ்சவில்லை.

"இப்ப அடி."

பட்டனை அமுக்கினான். எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. மறுபடி அமுக்கினான், மறுபடி நின்றது. மகன் என்னைப் பார்த்தான். மாமா செய்தது போல இணைப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனேன்; கசிவு இல்லை. பின்னால் போய்க் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன், மூச்சும் இல்லை. "நல்லா அடி" என்றேன்.

உள்ளே ஏதோ நகர்ந்தது. சூடான செம்மண் உருண்டை ஒன்று என் கையில் மோதிச் சிதறி, வெள்ளைச் சாரத்தில் தெறித்தது. குளவி கட்டிய கூடு. உரப்பையின் கீழ்வாயை நான் கட்டவில்லை. மண்ணோடு சேர்ந்து, குஞ்சுக்கென்று குளவி அடைத்து வைத்திருந்த காய்ந்த சிலந்திகள் முற்றமெல்லாம் உதிர்ந்தன. கூரையிலிருந்து இறங்கிய கோழிகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கின. வண்டி அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்ததில், அவை கொத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது.