உடைந்த மனசும் ஒரு சஹனும்

கேள்வி: கல்யாணப் பேச்சு முறிந்து இரண்டு மாதம். சோறு இறங்குதில்லை. உம்மா குசினிக்குள் வா என்கிறா. போனால் மனசு ஆறுமா?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: போங்க மகள். முதலில் வெங்காயம் உரிக்கிற வேலையைக் கேட்டு வாங்குங்க. அழுகைக்கு யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்து கஞ்சிப் பானை. தேங்காய்ப்பால் விட்டபின் கிண்டாமல் நின்றால் அடிப்பிடிக்கும்; அந்த நேரமாவது கை ஃபோனைத் தேடாது.

மரணம் நடந்த வீட்டில் ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா காய்ச்சச் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. வாற்கோதுமை மாவுக் கஞ்சி அது. பாலும் தேனும் சேர்ப்பதுண்டு. அது துயரத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) சொன்னதாக அவர் சொல்கிறார். கொஞ்சத்தை! முழுவதையும் என்று சொல்லவில்லை. அந்த நேர்மையால்தான் அந்தக் கஞ்சியை நான் நம்புகிறேன்.

மிச்சத்துக்கு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டான சஹன் இருக்கிறது. தனித் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஒரே சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் அது நடக்காது. நீங்க கையை இழுத்தால் ராத்தா பார்த்துவிடுவா. இறைச்சித் துண்டொன்று பேச்சில்லாமல் உங்க பக்கம் நகர்ந்து வரும். வருகிற வெள்ளிக்கிழமையே வீட்டில் ஒரு சஹன் வையுங்க. எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றும் வாங்கி வைக்கச் சொல்லுங்க.