எத்தனை அடி மந்திரம்?

மந்திரவாதி என்றால் ஏழு கடல் ஏழு மலை தாண்டி நினைத்த மாத்திரத்தில் போய் நிற்பவர் என்றுதான் கதைகளில் கேட்டிருந்தேன். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் நிலம் அளக்கும் சர்வேயர்.

"ஃபயர்பால் வீசுறேன்" என்று நான் ஆவேசமாகக் கையை உயர்த்தினால், ஆட்டத்தை நடத்தும் டிஎம் சாவகாசமாகக் கேட்பார்: "எத்தனை அடியில?" 150 அடிக்குள் எங்கே வேண்டுமானாலும் வீசலாம். விழுந்த இடத்தைச் சுற்றி 20 அடிக்குள் இருப்பவர் எல்லாம் வேக வேண்டியதுதான். "டேய், நான் எந்தக் கட்டத்துல நிக்கிறேன்னு பாத்தியா?" என்று வாள்வீரன் நண்பன் அலறுவான். உலகத்தைக் காக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். எல்லோரும் கட்டத்தாள்மேல் கவிழ்ந்து, கட்டத்துக்கு 5 அடி என்று எண்ண ஆரம்பிப்போம். மூலைக்கு மூலை குறுக்கே போனாலும் கட்டத்துக்கு 5 அடியேதான். பித்தாகரஸுக்கு அந்த உலகில் வேலை இல்லை. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஃபயர்பால் கூச்சமே இல்லாமல் சதுரமாக வெடித்தது.

இந்த அளவைப் பைத்தியம் பிறவிக்குணம். 1974இல் இதை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நகர்த்திப் போர் ஆடிப் பழகியவர்கள். அதனால் மந்திரமும் அங்குலக் கணக்கில் பிறந்தது. 1978ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஓர் அங்குலம் என்பது சுரங்கத்துக்குள் 10 அடி; வெளியே வந்தால் 10 கெஜம். அதாவது வாசற்படியைத் தாண்டினால் அதே மந்திரம் மூன்று மடங்கு தூரம் பாயும். ஆனால் வெடிக்கும் பரப்பு மட்டும் உள்ளேயும் வெளியேயும் ஒன்றே. நெருப்புக்குத் திறந்தவெளி என்றால் கொஞ்சம் பயம் போலிருக்கிறது!

அதைவிட அழகு, அன்றைய ஃபயர்பாலுக்கு ஏறக்குறைய 33,000 கன அடி இடம் தேவைப்பட்டது. கிடைக்கவில்லை என்றால் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து நிரப்பும். 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள நடைபாதையில் வீசினால் 330 அடி நீளத்துக்கு நெருப்பு. வீசியவர் ஓட வேண்டிய திசையும் அதில் அடக்கம்.

சரி, நொடியில் வேறிடம் தாவ வைக்கும் டெலிபோர்ட் மந்திரத்துக்குத் தூரமே பொருட்டில்லையே என்பீர்கள். ஐந்தாம் பதிப்பில் போகிற இடம் எவ்வளவு பழக்கம் என்று விசாரிப்பார்கள். பிறர் சொல்லக் கேட்டது மட்டும் என்றால், நூறு வரையுள்ள பகடையில் 43 வரை எது விழுந்தாலும் உடம்புக்குச் சேதம். குறி தவறினால், 2014ஆம் ஆண்டு விதிப்படி, பயண தூரத்தில் ஒன்று முதல் நூறு சதவீதம் வரை தள்ளி எங்கேயோ விழ வேண்டியிருந்தது. எவ்வளவு தொலைவு கிளம்பினோமோ அவ்வளவுக்குப் பிழையும் நீண்டது. சென்டிங் மந்திரம் எந்தத் தொலைவுக்கும் செய்தி கொண்டுபோகும். மகிழ வேண்டாம், 25 வார்த்தைதான். அடியை விட்டார்கள், வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மேஜைக்கு ஆட வருவதாக இருந்தால் வாளை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி என்ற ஒரே கணக்கு போதும்.